ருபாப்பின் மூன்றாவது குளிர்காலம்

பக்கக் கதவால் பின்வளவுக்குள் வந்த பாலேந்திரா, தோள்பையை இறக்கவும் மறந்து நின்றார். வடக்குச் சுவரோரம் வைத்துவிட்டுப் போன பூச்சாடியைக் காணவில்லை.

அதில் இருந்தது இமயமலை ருபாப். மரங்களே வளராத உயரத்தில், வெளிறிய மஞ்சள் இலைகளைத் தன்மேல் போர்த்திக்கொண்டு ஆளுயரத்துக்கு எழும் செடி. மலைச்செடி வளர்ப்போர் சங்கமொன்று தபாலில் அனுப்பிய பதினொரு விதைகளை ஈரமணலில் கலந்து இரண்டு மாதம் பிரிட்ஜில் வைத்திருந்தார். நான்கு முளைத்தன. மூன்றை லண்டன் கோடை கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய ஒன்றுக்கு இது மூன்றாவது குளிர்காலம். இலைகள் வாடி, ஒரு சிவந்த மொட்டாக மண்ணுக்குள் உறங்கும் நேரம். இப்போது சூடு பட்டால் கோடையென்று நம்பி எழும்பும், பிறகு அழுகிவிடும்.

பாரிசில் பழைய நண்பரின் மகளுக்குக் கலியாணம். பத்து நாள் அவருடைய குட்மேய்ஸ் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஹரோவிலிருந்து கமலேஸ்வரி அக்கா வந்திருந்தார். அவரிடம் செடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலையைத் தூக்கி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காத தமிழ் வீடு இங்கே ஏது? இதையும் அப்படித்தான் செய்திருப்பார்.

அப்படித்தான் செய்திருந்தார். முன்னறையில், ஹீற்றருக்கு மேலே, இலை கொட்டிய கறிவேப்பிலைக்கு அருகில் சாடி இருந்தது. பாலேந்திரா ஹீற்றரைத் தொட்டார். கை சில்லிட்டது. விரலால் மண்ணை மெல்ல விலக்கினார். மொட்டு இறுக மூடிக் கல்லாக இருந்தது; இன்னும் உறக்கத்தில்தான்.

அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆளைப் பாக்க முதல் சாடியைப் பாக்கிறான்," என்றது மூலையிலிருந்த சோபா. இரண்டு போர்வை, கம்பளித் தொப்பி, பாலேந்திராவின் கோட்டு, இவற்றுக்குள்ளிருந்து அக்காவின் முகம் எட்டிப் பார்த்தது. "செவ்வாய்க்கிழமை பொயிலர் நிண்டுபோச்சு, வீட்டில ஒரு ஹீற்றரும் சூடாகேல்லை. புதன் ஸ்னோ கொட்டினது. பாவம் எண்டு அதைத் தூக்கி உள்ளுக்கை வைச்சன். என்னைத் தூக்கி வைக்கத்தான் ஆளில்லை."

"போனில சொல்லேல்லையே அக்கா?"

"சொன்னால் கலியாணத்தை விட்டிட்டு ஓடி வருவாய். பொயிலர்காரன் நாளைக்குத்தான் வாறானாம்."

"நல்லதாப் போச்சு."

"என்னடா நல்லது? கூடப்பிறந்தவள் விறைச்சுக் கிடக்கிறன், உனக்குச் சிரிப்பு வருதோ?"

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தபடியே சொன்னார்: பதினொரு விதை, ஈரமணல், செத்த மூன்று, மிஞ்சிய ஒன்று. அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அக்கா கேட்டதில்லை.

"அப்ப பொயிலர் வேலை செய்திருந்தால் நான் இதைச் சாகடிச்சிருப்பன்?"

"ஓம். பிழை என்னிலதான். நான் வாய் திறக்கேல்லை."

"நீ எப்பதான் திறந்தனி?" போர்வைகளோடே எழுந்த அக்கா பின்கதவைத் திறந்து பிடித்தார். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. பாலேந்திரா சாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"கெதியா வைச்சிட்டு வா. உள்ளுக்கை கிடக்கிற கொஞ்சச் சூடும் போகுது!"