முர்க்கோவின் சாட்சி

ஓரெஸ்ட் ரிட்டையரான பள்ளி பஸ் டிரைவர், கடவுளுக்கே அவ்வளவாகப் பயப்படாத ஆள். அந்த ஜனவரி ஆறாம் தேதி மட்டும் தன் வீட்டுப் பூனை முர்க்கோவுக்குப் பயந்து நடுங்கினார்.

உக்ரேனியக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மிருகங்களுக்குப் பேச்சு வந்துவிடும். எஜமான் தங்களை எப்படி வைத்திருந்தான் என்று ஆண்டவனிடம் ஒன்று விடாமல் சொல்லும். உக்ரேனியர்கள் குடியேறி வாழும் யார்க்டன் ஊரில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனாலும் அன்றைக்கு எந்தப் பூனையையும் யாரும் திட்ட மாட்டார்கள்.

முர்க்கோவுக்கு அவர்மேல் ஒரே ஒரு புகார்தான். நவம்பரிலிருந்து அவர் ஆசையாகத் தொடும்போதெல்லாம் அதன் மூக்கில் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. வெளியே மைனஸ் முப்பத்தைந்து. உள்ளே வீட்டைச் சூடாக்கும் உலை ஊதும் காற்று அப்பளமாகக் காய்ந்து கிடந்தது; காய்ந்த காற்றில் தொட்டதெல்லாம் ஷாக் அடிக்கும். அந்தக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் பெட்டி மக்கர் செய்ததில், மடியைவிட்டு இறங்காத பூனை அவரைக் கண்டாலே சோபாவுக்கு அடியில் ஓடியது. அது அவருக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, மைரன் சாப்பிட வர்றான்ல, அவன்கிட்டயே காட்டுங்களேன்," என்றாள் அவர் மனைவி டார்க்கா. அவள் தம்பிக்கு உலை ரிப்பேர்தான் தொழில்.

"உன் தம்பியா? கை வச்சான்னா ஈஸ்டர் வரைக்கும் அதையே சொல்லிச் சிரிப்பான்!"

காலையிலேயே நிலவறைக்கு இறங்கினார். ஈரப் பெட்டிக்குள் தண்ணீரில் நனைய வேண்டிய அட்டை சுண்ணாம்பு படிந்து கல்லாகிப் போயிருந்தது; அதை மாற்றினார். தண்ணீர் விழும் சின்ன மூக்கை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தார். காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகடும் 'குளிர்காலம்' என்ற குறிக்குச் சரியாகத்தான் இருந்தது. உலையை ஓடவிட்டார். சொட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு சொட்டு. புது அட்டை நனையவே இல்லை.

சாயங்காலம் பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு வந்த மைரன், யாரும் கூப்பிடாமலே கீழே இறங்கினான். போன வேகத்தில் மேலே வந்தான்.

"அத்தான், தண்ணிக் குழாய முக்கால்வாசி மூடி வச்சது யாரு?"

அக்டோபரில் அந்தப் பெட்டியிலிருந்து மீதித் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதைப் பார்த்து, நல்ல தண்ணீர் வீணாகிறதே என்று வயிறெரிந்து மூடியது ஓரெஸ்ட்டேதான்.

"பூனைதான்... மேல ஏறி மிதிச்சிருக்கும்."

"அடேங்கப்பா! பூனை திருகுமா அத்தான்?"

டார்க்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சோபாவுக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் அவரையே பார்த்தன. ஜன்னலில் கிறிஸ்துமஸ் விருந்தைத் தொடங்கி வைக்கும் முதல் நட்சத்திரமும் வந்துவிட்டது. பழைய புகாரே போதும். இப்போது பொய்ச்சாட்சி வேறு.

தன் தட்டு மீனை முழுசாக எடுத்துப்போய்த் தரையில் வைத்துவிட்டு, மைரன் காதுபடவே முர்க்கோவிடம் சொன்னார்: "மூடினது நான்தான்டா ராஜா. ஷாக் அடிக்க வச்சதும் நான்தான். மன்னிச்சுக்கோ."

"குழாயத் திறந்துட்டேன்," என்றான் மைரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனா வீட்டுல ஈரம் ஏற ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் தொடாதீங்க."

மீனைத் தின்று முடித்த முர்க்கோ, இரண்டு மாதத்துக்குப் பிறகு, அவர் மடியில் ஏறிப் படுத்தது. ஓரெஸ்ட் சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். கண் கலங்கியது, துடைக்கவும் கை இறங்கவில்லை.

அந்த இரவு விருந்தின் வழக்கமான பன்னிரண்டு பதார்த்தத்தையும் டார்க்காதான் ஊட்டிவிட்டாள்.