மூடியைத் திறக்க

வேதியியல் பேராசிரியர் வாயைத் திறந்தால் வாக்கியத்தின் தலையும் உடம்பும் வெளியே வரும், வால் மட்டும் உள்ளேயே தங்கிவிடும். 'வரமாட்டேன்' என்று தொடங்கி 'வரமா' என்பதோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தைக் கேட்கிறவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மாணவர்கள் அவருக்கு முழுங்கி என்று பேர் வைத்திருந்தார்கள். நல்ல மனுஷர்தான், யாரையும் கடிந்துகொள்ள மாட்டார். ஆனால் அவர் வகுப்பு என்றால் தட்டச்சுக்காரி காலையிலேயே மணிக்கட்டில் எலாஸ்டிக் பட்டையை மாட்டிக்கொள்வாள்.

முதல் வரிசை ஓரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி. மடியில் கணினி. பக்கத்தில் பிறவியிலேயே காது கேளாத, பேச்சு வராத மாணவி. ஆசிரியர் பேசப் பேச இவள் அடிப்பாள். மாணவியின் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் எழுத்துகள் ஓடும். பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவு இதற்காகத்தான் அவளை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. முழுங்கி விட்ட வால்களையெல்லாம் அவள் தேடிப் பிடித்து ஒட்டிவிடுவாள். வகுப்பில் மற்றவர்களுக்குப் புரியாதது சிலசமயம் மாணவிக்கு மட்டும் புரிந்திருக்கும்.

பாடத்தை மட்டும் அடித்துவிட்டுப் போகிறவளில்லை. பேராசிரியர் தும்மினால், (பேராசிரியர் தும்முகிறார், சுண்ணாம்புக்கட்டி பறந்து போகிறது) என்று அடைப்புக்குறிக்குள் வரும். பின் வரிசையில் ஒருவன் குறட்டை விட்டால் அதுவும் வரும். மாணவிக்குத் தோள் குலுங்கும். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் முழுங்கி தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

மாணவி கையால் பேசுகிறவள். அவள் உலகத்தில் எல்லோருக்கும் கையால் ஒரு பேர் உண்டு. இரண்டு விரலைக் குவித்து உள்ளங்கையில் தானியம் பொறுக்குவதுபோல் கொத்தினால் அது தட்டச்சுக்காரி. தொண்டையிலிருந்து நெஞ்சுவரை கையை வழுக்கி இறக்கினால் அது முழுங்கி. தட்டச்சுக்காரிக்கு அந்தக் கைப்பாஷையில் அரைகுறையாகத்தான் வரும். அவள் தப்பாகச் செய்யும்போதெல்லாம் மாணவி அவள் விரலைப் பிடித்துத் திருத்துவாள்.

ஒருநாள் உதவிப் பிரிவின் தலைவர் தட்டச்சுக்காரியைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய மேசைமேல் புதிதாக ஒரு திரையும் கைக்கு அடக்கமான ஒரு ஒலிவாங்கியும் இருந்தன. பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவர் நின்றிருந்தார்.

"இனிமே நீங்க கை வலிக்க அடிக்க வேண்டாம்மா. இதுவே கேட்டு இதுவே எழுதிக்கும்" என்றார் தலைவர்.

கம்பெனி ஆள் செய்தி வாசிப்பதுபோல் ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார். அத்தனையும் திரையில் பிசகில்லாமல் வந்தது. நூறு வார்த்தைக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக வரும் என்றார்.

"மிச்ச ரெண்டு எது சார்?" என்று கேட்டாள் தட்டச்சுக்காரி.

"எதுவா இருந்தா என்னம்மா?"

"வேதியியல் சார் பேச்சுல அது எப்பவும் கடைசியிலதான் சார் போகும். நம்ம பேச்சுல செய், செய்யாதேங்கறதே கடைசியிலதானே இருக்கு. அது போச்சுன்னா எல்லாமே தலைகீழ் ஆயிடும்."

தலைவர் கோபப்படவில்லை. "ஒவ்வொரு துறையிலயும் இப்படிப் புள்ளைங்க சேர்ந்திருக்கு. நீங்க ஒருத்தர் எத்தனை வகுப்புல போய் உக்கார முடியும், சொல்லுங்க" என்றார். அது நியாயமான கேள்விதான். இன்னும் நாலு பேரை வேலைக்கு எடுங்கள் என்று சொல்கிற இடத்தில் அவள் இல்லை.

அவளை அடையாள அட்டை அறைக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேருகிறவர்களை வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, அட்டை அச்சாகி வந்ததும் ஓரம் வெட்டிக் கொடுக்கிற வேலை. "தாடையக் கொஞ்சம் தூக்குங்க" என்பதுதான் நாள் முழுக்க அவள் பேசிய பேச்சு. மணிக்கட்டு வலி குறைந்தது. அது மட்டும்தான் ஆதாயம்.

சில நாள் கழித்து மாணவி அந்த அறைக்கு வந்தாள். மேசையில் கிடந்த ஒரு தாளை இழுத்து எழுதினாள்: 'இன்று வகுப்பில் நானும் மின்விசிறியும்தான்.' முந்தின நாள் முழுங்கி, நாளைக்கு வகுப்பு இல்லை என்று சொல்லியிருக்கிறார். திரையில் 'நாளைக்கு வகுப்பு' என்று மட்டும் வந்திருக்கிறது. இவள் நேரத்துக்குப் போய்க் காலி அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் தட்டச்சுக்காரி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனாள்.

அவரும் சிரித்தார். "ஒரு நாள் சும்மா வந்துட்டுப் போனா என்ன குறைஞ்சுடும்? பழகப் பழக அது கத்துக்கும்மா" என்றார். எது கற்றுக்கொள்ளும், இயந்திரமா மாணவியா என்று அவள் கேட்கவில்லை.

"உனக்கெதுக்கு வம்பு? ஒப்பந்தம் முடியப் போற நேரத்துல வாயக் குடுத்து மாட்டிக்காத" என்றான் கணவன் வீட்டில். அவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், போன வருஷம் வாயைக் கொடுத்துத்தான் ஒரு வேலையை விட்டிருந்தான். அவள் சரி என்று தலையாட்டினாள்.

ஆய்வுக்கூடத்தில் அந்த வாரம் மண்ணை அமிலத்தில் கரைக்கிற பாடம். மண்ணையும் அமிலத்தையும் கனமான ஒரு கலத்தில் போட்டு, மூடியை இறுகத் திருகி, சூட்டடுப்பில் வைப்பார்கள். எடுத்ததும் உள்ளே ஆவி கொதித்துக்கொண்டிருக்கும். ஆறும்வரை கிட்டே போகக் கூடாது. கலங்களை மேசைகளில் வைத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே முழுங்கி சொன்னார், "மூடியத் தொறக்கா..."

காது உள்ள பிள்ளைகள் மிச்சத்தைப் போட்டுக்கொண்டு கைகட்டி நின்றார்கள். மாணவியின் திரையில் வந்தது இது: 'மூடியைத் திறக்க.'

புத்தகத்தில் அச்சாகும் செய்முறைகளெல்லாம் அப்படித்தானே இருக்கும். எடுத்துக்கொள்க, கலக்க, திறக்க. அவள் சொன்னதைச் செய்தாள்.

அடையாள அட்டை அறைவரைக்கும் அந்த அலறல் கேட்டது. பேச்சு வராதவளுக்கும் அலற வரும். தட்டச்சுக்காரி ஓடிப் போனபோது குழாயடியில் இரண்டு பேர் மாணவியின் கைகளைத் தண்ணீரில் பிடித்திருந்தார்கள். மெல்லிய கையுறை விரல்களோடு உருகி ஒட்டியிருந்தது. பக்கத்து மேசைப் பெண், திரையில் என்ன வந்தது என்பதைத் தட்டச்சுக்காரியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா. செய்முறை மார்க் சார் கையிலதான் இருக்கு" என்றாள்.

மருத்துவமனையில் மாணவியின் அம்மா கட்டிலோரம் நின்றிருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவள் முழங்கையிலும் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. மாணவியின் இரண்டு கைகளும் முழங்கைவரை துணிப் பொதியாக இருந்தன. விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"சின்னதுல அடம் பிடிச்சா இவ கையப் பிடிச்சுக்குவேன். மத்த புள்ளைங்களுக்கு வாயப் பொத்துற மாதிரி. அப்ப இவ மூஞ்சியப் பாக்கணுமே" என்றாள் அம்மா. "இப்ப ரெண்டு கையையும் கட்டி வச்சிருக்காங்க."

மாணவி உதட்டை அசைத்து ஏதோ கேட்டாள். அம்மா குனிந்து பார்த்தாள்.

"வலியப் பத்திக் கேக்கல பாருங்க. லேபுக்குத் திரும்ப விடுவாங்களான்னு கேக்கறா. அந்த வகுப்பு முடிக்கலன்னா பட்டம் இல்லையாமே?"

"இல்லதான். விடுவாங்க, விடாம என்ன" என்றாள் தட்டச்சுக்காரி.

விசாரணை பதிவாளர் அறையில் நடந்தது. வாசலில் பிரிவுத் தலைவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. உங்க ஒப்பந்தம் வேற இப்ப என் மேசைக்கு வருது" என்றார். அம்மாவை உள்ளே விடவில்லை, உறவுக்காரர்கள் வெளியே இருக்க வேண்டுமாம். கைப்பாஷை தெரிந்த ஒருவரை வரச் சொல்லியிருந்தார்கள், அவர் வரவில்லை. நான் அடிக்கிறேன் சார் என்றாள் தட்டச்சுக்காரி. "நீங்க சாட்சி" என்றார் பதிவாளர்.

அதனால் மாணவிக்கு முன்னால் அதே திரையை வைத்தார்கள். திரையின் முதுகு பெரியவர்கள் பக்கம், முகம் மாணவி பக்கம். தட்டச்சுக்காரி பக்கவாட்டு நாற்காலியில் இருந்ததால் அவளுக்கும் தெரிந்தது.

முழுங்கி எழுந்தார். அவரும் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே பேசினார்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னேன் சார். மூடியத் தொறக்கா...ன்னுதான் சொன்னேன். மத்த புள்ளைங்க கேட்டுச்சு. இவ ஒருத்திதான் தொறந்தா."

பதிவாளர் தலையாட்டினார். பிரிவுத் தலைவரும் தலையாட்டினார். அந்த அறையில் காது உள்ள எல்லோருக்கும் அது சரியாகவே கேட்டிருந்தது. திரையில் வந்தது: 'மூடியைத் திறக்க என்றுதான் சொன்னேன்.'

மாணவி அதைப் படித்தாள். தட்டச்சுக்காரியின் பக்கம் திரும்பி, கட்டுப்போட்ட வலது கையைத் தூக்கித் தொண்டைக்கருகே கொண்டுபோய், நெஞ்சுவரை மெதுவாக வழுக்கி இறக்கினாள். விரல் இல்லாமல் அவளால் சொல்ல முடிந்த பேர் அது ஒன்றுதான்.

தட்டச்சுக்காரி எழுந்துவிட்டாள். "சார், அந்தத் திரையப் பாருங்க சார்."

பிரிவுத் தலைவர் எட்டித் திரையைத் தங்கள் பக்கம் திருப்பினார். இதற்குள் வரிகள் மேலே ஓடிப் போய், 'இவள் ஒருத்திதான் திறந்தாள்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

"சரியாத்தானே இருக்கு" என்றார் பதிவாளர்.

"அதுக்கு முந்தின வரி சார். திறக்கன்னு வந்தது. அன்னிக்கும் அதேதான் வந்திருக்கு."

"முந்தினதெல்லாம் இதுல நிக்காது" என்றார் தலைவர். "ஓடிடும்."

"அப்ப சாரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

முழுங்கியின் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் மறுபடி சொல்லச் சொன்னதில்லை போலும். ஒலிவாங்கியை வாய்க்கருகே இழுத்து, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்தார். "மூடியைத். திறக்காதீங்க."

திரையில் அப்படியே வந்தது. மூடியைத் திறக்காதீங்க.

"பாத்தீங்களா?" என்றார் பதிவாளர். "இயந்திரம் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. இந்தப் பொண்ணு அவசரப்பட்டிருக்கு. நீங்க இதைப் பத்தி முன்னாடி எழுத்துமூலமா ஏதாவது குடுத்திருக்கீங்களா?"

"வாயால சொன்னேன் சார். ரெண்டு தடவை."

பிரிவுத் தலைவர் மேசைமேலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சரி, உக்காருங்க." பதிவாளர் திரையைப் பழையபடி மாணவியின் பக்கம் திருப்பி வைத்தார். அவருக்குக் கணீரென்ற குரல், மேடையில் பேசிப் பழகியது. "ஏம்மா, உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

கேள்வி திரையில் வந்தது. மாணவி இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே தூக்கினாள். தோளும் முழங்கையும் வேகமாக அசைந்தன. வெள்ளைப் பொதிகள் இரண்டும் காற்றில் சுற்றின, முட்டின, விலகின. என்னவோ நீளமாகச் சொன்னாள். தட்டச்சுக்காரி உற்று உற்றுப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"அவ கையாலதான் சார் பேசுவா. இப்ப..."

"உங்களக் கேக்கலம்மா."

பிறகு பதிவாளர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவைப் பார்த்து, எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லத் திரையும் எழுதியது.

'மாணவிக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு அளிக்கப்பட்டது. மாணவி பதில் எதுவும் சொல்லவில்லை. அவருடைய பாதுகாப்பைக் கருதி, இனி ஆய்வுக்கூடத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டார்.'

ஓர் எழுத்துகூட விட்டுப்போகவில்லை. தூக்கிய கைகளை இறக்காமலே மாணவி அதைக் கடைசிவரை படித்தாள்.