இணைக்காமல் விட்ட வயர்

தாவோஸ் ஊருக்கு மேற்கே, எங்கள் மேட்டு நிலத்துக்குக் கரண்ட் கம்பம் வந்ததே இல்லை. அங்கே குடியிருப்பவர்களுக்கு சோலார் பலகையும் பேட்டரியும் மாட்டிக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. காசிமீரோ அர்ச்சுலேட்டா வீட்டுக்கும் நான்தான் மாட்டினேன். அவருடைய மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் நான். அந்த முறையில் நாங்கள் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்று கூப்பிடுவோம். அவர் மனைவி ஒதீலா எனக்குக் ‘கொமாத்ரே’.

ஒதீலா முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய், இரண்டு வருடமாக மூக்கில் குழாயோடு இருந்தார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மின்சார மெஷின் ஒன்று அவர் கட்டிலருகே ஓயாமல் ஓடும். பழைய பேட்டரிகளால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அக்டோபரில் லித்தியம் பேட்டரி வாங்கி வைத்தோம்.

லித்தியத்துக்குத் துணையாக ஒரு பாதுகாப்புப் பெட்டி உண்டு. அதிலிருந்து மூன்று மெல்லிய வயர்கள் போக வேண்டும். முதல் வயர் சோலார் சார்ஜருக்கு. பேட்டரி நிறைந்துவிட்டாலோ, உறைகிற குளிர் வந்துவிட்டாலோ சார்ஜ் ஏறுவதை அது நிறுத்தும். இரண்டாவது இன்வெர்ட்டருக்கு. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கினால் இன்வெர்ட்டரையே அணைத்துவிடும். மூன்றாவது ஒரு பஸ்ஸருக்கு. அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே அது கத்தும்; வீட்டுக்காரர் எழுந்து போய் ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்ளலாம்.

நான் இரண்டாவது வயரை முடுக்கிக்கொண்டிருந்தபோது காசிமீரோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“என்ன கொம்பாத்ரே, நூல் மாதிரி இருக்கு? எலி மூச்சு விட்டாலே அந்துரும் போலிருக்கே.”

“தடி வயர்ல கரண்ட் போகும். இதுல சேதி மட்டும்தான் போகும்.”

“சேதி போக இவ்வளவு மெல்லிசு போதுமா? நம்ம வீட்டுல சேதி சொல்றவ சத்தம் மலையைத் தாண்டிப் போகுதே!”

உள்ளேயிருந்து ஒதீலாவின் குரல் வந்தது. “எனக்கு மூச்சுதான் போச்சு, காது நல்லாத்தான் கேக்குது!”

மூன்றாவது வயரை நான் இணைக்கவில்லை. பஸ்ஸரை என் பட்டறை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த வருடம் எல்க் மான் வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் என் பெயர் விழுந்திருந்தது. மறுநாள் விடிவதற்குள் காட்டில் இருக்க வேண்டும். அடுத்த வாரம் வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை. “இனிமே நீங்க மீட்டரை எட்டிப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டாம். பெட்டி பாத்துக்கும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பிறகு அது நினைவிலேயே இல்லை.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டி சோலார் பலகைகளை மூடியது; பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. நான்காம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். காசிமீரோ பாதைப் பனியை வாரிக்கொண்டிருந்தார். பேட்டரி அடிமட்டத்தைத் தொட்டதும் இரண்டாவது வயர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இன்வெர்ட்டர் அணைந்தது. ஆக்ஸிஜன் மெஷின் நின்றது.

சமையலறையில் ஒரு மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. ஒதீலா அதை எடுக்க எழுந்து, நடையில் விழுந்துவிட்டார். காசிமீரோ உள்ளே வந்தபோது ஒதீலாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. காசிமீரோவுக்கு சிலிண்டர் நினைவுக்கு வரவில்லை. பேட்டரி இருந்த கொட்டகைக்கு ஓடி, இன்வெர்ட்டரில் நான் முடுக்கியிருந்த பொடி வயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டைச் செருகினார். இன்வெர்ட்டர் உயிர் பெற்றது, மெஷின் ஓடியது. ஆனால் ஐந்தாறு நிமிடம் போய்விட்டது. பக்கத்து நிலத்துக்காரர் பனி வாரும் வண்டியால் வழி பண்ணிக் கொடுக்க, ஒதீலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யாரும் இல்லாத வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்து, பேட்டரியைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிச் சாகடித்தது.

மூன்றாம் நாள் நான் கொட்டகைக்குப் போனேன். காசிமீரோ கதவருகே நின்றார். அவர் தாடியை மழிக்கவில்லை.

“சொல்லுங்க கொம்பாத்ரே. நான்தான் கெடுத்தேனா?”

பாதுகாப்புப் பெட்டியில் மூன்றாவது முனை வெறுமையாக இருந்தது. அதை நான் பார்த்தேன். அவருக்கு அது என்னவென்று தெரியாது.

“அந்த வயரைப் பிடுங்கியிருக்கக் கூடாது” என்றேன்.

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

“முதல்ல சிலிண்டரைத் தொறந்திருக்கணும். நாப்பது வருஷம் சுரங்கத்துல இருந்தவன் நான். மூச்சு முட்டுனா என்ன செய்யணும்னு எனக்கே தெரியலையே” என்றார். அப்படியில்லை என்று நான் சொல்லவில்லை. செத்த பேட்டரியைக் கழற்றி வண்டியில் ஏற்றினேன்.

ஒதீலா ஒன்பது நாள் கழித்துப் பிழைத்து வந்தார். ஆனால் வீடு திரும்பவில்லை. எஸ்பன்யோலா டவுனில் கரண்ட் உள்ள ஒரு அடுக்ககத்துக்கு இருவரும் குடிபோனார்கள். புது பேட்டரி போட்டுத் தருகிறேன் என்று போனில் சொன்னேன்.

“வேண்டாம். பேட்டரி மேல எனக்குச் சந்தேகமில்ல. என் கைமேலதான்.”

ஏப்ரலில், தன் கையால் மண்கல் அறுத்துக் கட்டிய அந்த வீட்டைக் காசிமீரோ விற்றுவிட்டார். விற்ற சேதி கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லவும் கூசுகிறது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒதீலா பச்சை மிளகாய்க் குழம்பும் தொர்த்தியா ரொட்டியும் எடுத்து வைத்தார். நான் தட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸர், வேட்டை, நான் போகாத வாரங்கள், கொட்டகையில் நான் வாய் மூடி நின்றது.

காசிமீரோ கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“வரைஞ்சு காட்டுங்க. எங்க போகணும் அது?”

வரைந்தேன். விரலால் அந்தக் கோட்டின் மேல் போய் வந்தார்.

“எவ்வளவு நேர வேலை?”

“பத்து நிமிஷம்.”

“வீட்டை விக்கறதுக்கு முன்னாடி வந்திருக்கலாமே, பிலமோன்.”

என்னை அவர் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் முறை. காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து, அடுத்த அறைக்குள் போனார். திரும்பி வரவில்லை.

ஒதீலா சிறிய சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், என் வண்டிவரை நடந்து வந்தார். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

“அவருக்குக் கோவம்னு நினைக்காதீங்க. கோவப்பட்டா நல்லாத்தான் இருக்கும். ஒரு பல்பு மாத்தணும்னாக்கூட இப்பல்லாம் கீழ் வீட்டுப் பையனைக் கூப்பிடுறாரு.”

“நான் வந்து பேசறேன் கொமாத்ரே. மறுபடியும் வர்றேன்.”

“வாங்க” என்றார் அவர். “ஆனா இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

அன்று திரும்பும் வழியில் வேறு இரண்டு வீடுகளில் வண்டியை நிறுத்தி, நான் மாட்டிய பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.