பச்சை கட்டின தொட்டி

நன்னிலம் துரைராசு மக அனுராதா தெக்குத் துருவத்துப் பக்கம் கப்பல்ல போனா. ரெண்டாயிரத்து எட்டுன்னு நெனைக்கிறேன். ஊரே துபாய், சிங்கப்பூர்னு பறந்துக்கிட்டு இருந்துச்சு, இவ மட்டும் பனிக்கட்டிக்குப் போனா.

அங்க என்ன வேலைங்கிறீங்களா? கடல் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பாசி மெதக்குது. அதைத் தின்னுதான் கூனிங்கிற குட்டி இறாலு பொழைக்குது, கூனியைத் தின்னுதான் திமிங்கிலம், பெங்குவின் எல்லாம். உலகம் சூடாகி ஐஸ் உருகினா அந்தப் பாசி தாங்குமா? அதான் கேள்வி. நாலு தொட்டியில கடல் தண்ணி. ரெண்டு அப்படியே. மத்த ரெண்டுல கொஞ்சம் சூடு ஏத்தி, ஐஸ் உருகின நல்ல தண்ணியும் கலந்தா. மூணு வாரந்தான் டைம்.

எட்டாம் நாளு சூடு வெச்ச தொட்டி ரெண்டும் பச்சைப்பசேல்னு ஆயிருச்சு. கப்பல்ல வேலை பாக்குற திருத்துறைப்பூண்டி யூனுஸ்தான் மொதல்ல பாத்தாரு.

"தங்கச்சி, குறுவை வயல் மாதிரி இருக்கு! உங்க அப்பா பாத்தா திருஷ்டிக்குப் பூசணிக்கா கட்டிருவாரு."

"கிச்சன்ல இருக்காண்ணே?"

"முட்டைக்கோசுதான் இருக்கு. கண்ணு வரைஞ்சு தரவா?"

துரைராசு வரப்புல நின்னு நெறத்தைப் பாத்தே ஒரு மா நெலத்துக்கு இத்தனை மூட்டை நெல்லுன்னு சொல்லுற ஆளு. மகளுக்கும் அதே கண்ணு. மைக்ராஸ்கோப்புல அப்புறம் பாத்துக்கலாம்னு, "சூட்டுல பாசி நல்லா வளருது"ன்னு தலைமை விஞ்ஞானிக்கு மெயில் தட்டிட்டா. உசுரோட புடிச்சு வெச்சிருந்த கூனிக் குஞ்சுல பாதியை அந்தப் பச்சையில விட்டா, தின்னு கொழுக்கட்டும்னு. மீதியைச் சூடு வெக்காத வெளுத்த தொட்டியில விட்டா.

பத்து நாள்ல பச்சையில விட்டதெல்லாம் செத்து அடியில கெடக்குது. வெளுத்த தொட்டியில விட்டதுங்க துள்ளுது.

அனுராதா செத்த ஒண்ணை எடுத்தா. கூனிக்கு ஒடம்பு கண்ணாடி மாதிரி, தின்னது வயித்துல பச்சையா தெரியணும். லென்ஸ்ல பாத்தா வெறும் வயிறு. அப்புறந்தான் தண்ணியையே வெச்சுப் பாத்தா. கண்ணாடி ஓடு போட்ட பெரிய பாசி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் தூசு மாதிரி குட்டிப் பாசி. கூனி காலாலதான் சலிச்சுத் திங்கும், இது அதுல நிக்காம ஓடிரும். அத்தனை பச்சைக்கு நடுவுல பட்டினியா செத்திருக்குதுங்க.

அதுக்குள்ள பதில் மெயில் வந்துருச்சு: "ரொம்ப சந்தோஷம், அறிக்கையில இதையே மொதல்ல போடுங்க."

"நான் சொன்னது தப்பு"ன்னு டைப் பண்ணிக்கிட்டு இருக்கா, மேல் தளத்துலேருந்து ஒரே கூச்சல்.

"தங்கச்சி, ஓடியாங்க! கடலே பச்சை கட்டிருச்சு!"

ஐஸ் ஓரம் பூரா பச்சை. ஆளாளுக்கு போட்டோ எடுக்குறாங்க. இவ யூனுஸ் பக்கம் திரும்பினா.

"அண்ணே, ஒரு வாளி மொண்டு குடுங்க."

சொட்டு எடுத்து லென்ஸ்ல வெச்சா. பெருசா ஒண்ணாச்சும் இருக்காதான்னு தேடுறா, தேடுறா.

"என்ன தங்கச்சி, தேறுமா?"

"இன்னொரு வாளிண்ணே. இங்க வேணாம், பச்சை இல்லாத எடமா பாத்து மொள்ளுங்க."

யூனுஸ் வாளியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போனாரு. எட்டிப் பாத்துட்டு இந்தப் பக்கம் வந்தாரு, இங்கயும் பச்சைதான். வாளி வெறுமையாத்தான் இருந்துச்சு.