இரண்டு கோடு, ஒரு முத்திரை

என் வீட்டுக்காரர் டொகுஜிக்கு வந்திருந்த எக்ஸ்ரே பரிசோதனைக் கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விழுங்கும்போது அடைக்கிறதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று நான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அவர் அதை அளவுகோல் வைத்து இரண்டு கோடு கிழித்து அடித்திருந்தார். அடித்ததன் மேல், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் குத்தி, "இல்லை" என்பதில் புதிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். பாங்குக் காகிதத்தில் பிழை திருத்துகிற அதே ஒழுங்கு. முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஒழுங்கோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். பொய் சொல்வதில்கூடவா ஒழுங்கு?

நாங்கள் கடலில் கயிறு கட்டி வாகாமே பாசி வளர்க்கிறவர்கள். மார்ச் முழுக்க அதை வேகவைத்து உப்புப் போடுகிற வேலை. பசி தாங்காத வேலை. அந்த மனுஷன் இந்தப் புத்தாண்டுக்கு மோச்சி அரிசி உருண்டையைத் தொடவில்லை. கேட்டால், "பரவாயில்ல." பிப்ரவரியில் சுட்ட மீனைத் தள்ளிவைத்தார். "பரவாயில்ல." ஏப்ரலில் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்தார். அதற்கும் அதே சொல். எங்கள் ஊரில் வேண்டும் என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். எதிராளிதான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் மென்று துப்பிய மீன். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாமல் துப்பி, நாலாக மடித்து, பைக்குள் வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. சட்டையைத் தரையில் ஓங்கி அறைந்தேன்.

அவர் அப்பா இப்படித்தான் போனார். முதலில் சோறு இறங்கவில்லை, அப்புறம் கஞ்சி, கடைசியில் தண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மகன் இவர். தெரிந்தே மறைக்கிறவரை என்ன செய்வது?

வருஷா வருஷம் ஜூன் மாதம் மீனவர் சங்கத்து வாசலுக்கு, வயிற்றைப் படம் எடுக்கிற எக்ஸ்ரே பஸ் வரும். இந்த வருஷம் பஸ் வந்த அன்று காலை அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது தாளை எடுத்தேன். அவருடைய "இல்லை"யை இரண்டு கோடு கிழித்தேன். முத்திரையை எடுத்துக் குத்தினேன். கல்யாணமான நாள் முதல் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். யார் குத்தினாலும் விழுவது குராமோச்சிதான். ஓரத்தில் "ஆம்" என்று பெரிதாக எழுதிவிட்டு, முத்திரையை என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸுக்குள் அவர் முன்னால் போனார். வெளியே பெஞ்சில் நானும் பக்கத்து வீட்டு ஹாகாவும் காத்திருந்தோம்.

"படத்துக்கு முன்னால தர்ற அந்த வெள்ளப் பேரியத்தைக் குடிச்சிட்டு ஏப்பம் விடக்கூடாதாம்க்கா. எங்க வீட்டுக்காரரு போன வருஷம் மூணு ஏப்பம் விட்டு, மூணு தடவ வயித்த உப்ப வைக்கிற நுரைப்பொடி தின்னாரு" என்று ஹாகா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே எக்ஸ்ரே எடுக்கும் பெண் மைக்கில் பேசினாள். பஸ் முழுக்க, வெளியே எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது. "குராமோச்சி ஐயா, இதுல 'ஆம்' அடிச்சிருக்கு, 'இல்லை'யும் அடிச்சிருக்கு, ரெண்டுலயும் முத்திரை இருக்கு, ஓரத்துல வேற 'ஆம்'னு எழுதியிருக்கு. எதுங்க சரி? அடைக்குதா?"

"பரவாயில்லங்க."

"பரவாயில்லன்னா? அடைக்குது ஆனா பரவாயில்லயா, இல்ல அடைக்கவே இல்லயா?"

"பரவாயில்லங்க."

எழுந்துபோய்க் கதவில் குத்தினேன். "அடைக்குதும்மா! ஆறு மாசமா அடைக்குது!"

"அம்மா, உங்க முறை வரட்டும்…" என்றாள் அவள் மைக்கில்.

"என் முறை வர்றதுக்குள்ள அவரு முறை முடிஞ்சிடும்!"

"அவ சும்மா கத்துவா, நீங்க எடுங்க" என்றது டொகுஜியின் குரல்.

"யோவ்! மீனைத் துப்பிப் பொட்டலம் கட்டுற ஆளு நீ பேசாத!"

மைக்கில் தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

"சரிங்க ஐயா. முதல்ல ஒரே ஒரு வாய் பேரியம். நான் சொன்னதும் விழுங்குங்க." விழுங்குகிற சத்தம் மைக்கில் கேட்டது. "இன்னும் கொஞ்சம் பொறுங்க… இறங்குதான்னு பாக்குறேன்." இருமல் கேட்டது. பிறகு குமட்டுகிற சத்தம். அந்தப் பெண்ணின் குரல் தணிந்துவிட்டது. "போதும் ஐயா. நுரைப்பொடி வேணாம். இறங்கிடுங்க."

மற்றவர்களைப் பலகையில் போட்டுப் பத்து நிமிஷம் புரட்டி எடுப்பார்கள். இவர் மூன்றே நிமிஷத்தில் வெளியே வந்தார். உதட்டிலும் முகவாயிலும் வெள்ளை. ஹாகா என் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தாள்.

பின்னாலேயே அந்தப் பெண் ஒரு தாளோடு வந்தாள். "நான் டாக்டர் இல்லம்மா, எதுவும் பேர் வச்சுச் சொல்ல எனக்கு உரிமையில்ல. ஆனா முடிவு தபால்ல வரட்டும்னு காத்திருக்காதீங்க. கூட வந்திருக்கிற டாக்டர்கிட்ட கடிதம் வாங்கித் தர்றேன், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. படத்தை அங்க அனுப்ப ஐயாவோட சம்மதம் வேணும். இங்க முத்திரை."

டொகுஜி தாளைப் பார்த்தார். "பரவா…"

"அந்த வார்த்தை இன்னொரு தடவ வாயில வந்தா, இந்த பஸ் சக்கரத்துக்கு அடியிலயே உங்களப் பிடிச்சுத் தள்ளிடுவேன்."

வாயை மூடிக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தண்ணியும் இறங்காம நிக்குது, இசாகோ. நேத்துலேருந்து."

நேற்று ராத்திரி எனக்கு எதிரே உட்கார்ந்து தேநீர்க் கோப்பையை வாயில் வைத்து வைத்து எடுத்தாரே, அது நினைவுக்கு வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. பையிலிருந்து முத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் அறைந்தேன்.

"குத்துங்க."

குத்தினார். பெயர் கோணலாக, பாதி மையோடு விழுந்தது.

"தெளிவா விழலயே" என்று அந்தப் பெண் தயங்கினாள். "வேற தாள் தரட்டுமா?"

"பரவாயில்ல" என்றேன் நான்.