கண்ணாடிக்கு வைத்த சந்தனம்

வேதமுத்துவுக்குக் குடிகாரப் பட்டம் கட்டிப் பட்டறையை விட்டுத் துரத்தியவர் முதலாளி பக்தவத்சலம். அம்பத்தூரில் இரும்பு உருக்கும் உலைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்ததுதான் குற்றம். சர்ச்சில் கொடுக்கிற திருவிருந்துத் திராட்சரசத்தையே உதட்டால் மட்டும் தொடுகிற மனுஷன் வேதமுத்து. அதற்கப்புறம் கள்ளிக்குப்பம் சபையில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

அப்பாவை மயக்கியது உலை கக்கும் விஷவாயுதான் என்று மகள் ஞானகுமாரி சந்தேகப்பட்டாள். அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு அப்போதுதான், தொண்ணூற்றிரண்டில், ஒரு லேசர் வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வழியில் அந்த வாயு, கார்பன் மோனாக்சைடு, இருந்தால் கதிர் குறையும், திரையில் கோடு சரியும்.

"வாசனையே இல்லாத விஷம் சார். சோதிச்சுப் பாத்துடலாம்" என்று முதலாளியிடம் போய்க் கேட்டாள்.

"ஆயுத பூஜை அன்னிக்கு வாம்மா" என்றார் அவர். அன்றைக்கு உலை அணைந்திருக்கும். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

பூஜையன்று, கற்பூரம் அணையக் கூடாதென்று ஷட்டரை இறக்கியிருந்தார்கள். லேசரைக் குளிரவைக்க ஞானகுமாரி ஊற்றிய திரவ நைட்ரஜன் புகைய, சாம்பிராணி என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுவிட்சைப் போட்டதும் கோடு தலைகுப்புற விழுந்தது. முதலாளிக்கு முகம் வெளிறியது.

உலைதான் எரியவில்லையே! எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பக்தி முற்றிய முதலாளி அவள் கண்ணாடிக்கும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா பேர் பிழைத்துவிடும். மனசு ஆடத்தான் செய்தது. பொய்யில் வந்த பேரை அப்பாவே தூக்கி எறிவார் என்று தோன்ற, போய்த் துடைத்தாள். இடம் பிசகிய கண்ணாடியைத் திரும்ப நேராக்க வெகுநேரம் ஆனது. இப்போது கோடு சமமாக ஓடியது.

"இன்னாம்மா, உன் மெசினும் நேத்து சரக்கு போட்டுச்சா?" வயிறு குலுங்கச் சிரித்தார் முதலாளி.

"நல்ல நேரம் போவுது, உலைய பத்த வையி!" என்று கத்தினாள் அவர் மனைவி புஷ்பா. சோதனை அதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்த முதலாளி திருதிருவென விழித்தார். மனைவியை எதிர்க்கத் தைரியமில்லை. உலை எரிந்தது. கோடு சரியத் தொடங்கியது.

"அணைங்க சார்!"

"பூஜையன்னிக்கு அணைச்சா அபசகுனம்மா!" ஓடிப்போய் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். கோடு ஏறவே இல்லை. சுண்டல் கொடுத்து முடிவதற்குள் அவருக்குத் தலை சுற்றியது.

ஞானகுமாரி உலையை அணைக்கச் சொல்லி, ஷட்டரைத் தூக்கி, எல்லோரையும் வெளியே விரட்டினாள். மகளோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்த வேதமுத்துவின் காலடியில் உட்கார்ந்து முதலாளி வாந்தியெடுத்தார்.

வேதமுத்து குனிந்தார். "நேத்து நைட்டு இன்னா சரக்கு மொதலாளி?"

"யோவ், நான் தொடவே மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மொதலாளி. நானும் அத்தயேதான சொன்னேன்."