இரண்டு விரல் தொய்வு

வலது தோளில் ஒரு தட்டு விழுகிறது, ஒற்றைத் தட்டு என்றால் நிறுத்த வேண்டும், இரட்டைத் தட்டு என்றால் மெதுவாகப் போக வேண்டும், நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்ட பாஷை அது, நான் இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரம் கட்டுகிறேன், பின்னால் என் மனைவி வடிவு ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவள் போலத் தலையை இம்மி இம்மியாகத் திருப்புகிறாள், கெடைச்சிட்டு, அந்தா பாருங்க, என்கிறாள், ஒரு காடு முழுக்கச் சூரியகாந்தி அந்தப் பக்கம் பார்த்து நிற்க, ஒரே ஒரு பூ மட்டும் எங்களைப் பார்த்து நிற்கிறது, கிளாசுக்கு ஒண்ணு இப்படித்தான் திரும்பிக்கிட்டே இருக்கும், என்று சிரிக்கிறாள், அது எந்த இடம், சேலம் பக்கமா, அனந்தப்பூர் பக்கமா, அல்லது கிளம்புவதற்கு முன் ஏதோ ஒரு மத்தியானத் தூக்கத்தில் நான் கண்டதா, இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, தட்டு மட்டும் நிச்சயம், அது தோளில் இன்னும் இருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் கோவில்பட்டியில் பூகோளம் நடத்தியவள் வடிவு, படம் பார்க்காமல் கரும்பலகையில் இந்தியாவை வரைந்துவிடுவாள், பிறகு நீலச் சாக்பீஸை எடுத்து ஆறுகளை இழுப்பாள், கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்த கை நர்மதை வந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பும், வலமிருந்து இடமாக ஒரே இழுப்பு, இவ மட்டும் மேற்க பாத்து நடந்தவ, என்பாளாம், ஆனால் ஓசூருக்கு அப்பால் அவள் ஒரு முறைகூடப் போனதில்லை, ஓய்வு பெற்ற வருஷம் மதுரையில் கண் டாக்டரம்மா, விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத்தான் பார்வை மிச்சம், இதற்கு மருந்து இல்லை, ஒரு வருஷமோ, கூடக் கொஞ்சமோ, பாக்க வேண்டியதைப் பாத்துக்கிடுங்கம்மா, என்றார், சொல்லும்போது வடிவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார், வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள், ஆனாலும் அவராகக் கையை விடவில்லை, அதற்காக இன்றும் விளக்கேற்றும்போது அவர் பெயரையும் ஒரு முறை சொல்லிக்கொள்கிறேன், பஸ்ஸில் வரும்போது என்ன பாக்கணும் வடிவு என்று கேட்டேன், நர்மதை, என்றாள் யோசிக்காமல், அத்தனை பிள்ளைகளுக்கும் பொய்யச் சொன்னனா மெய்யச் சொன்னனான்னு பாத்துரணும், ரயிலில் போவோம் என்றேன், ரயிலு வேண்டாங்க, நான் தேடிப் பிடிக்கதுக்குள்ள எல்லாம் ஓடிரும், நீங்கன்னா நிறுத்துவீங்க, நம்ம வீட்டுக்குப் பின்னால போற ரோடு நேரா அங்கதான் போகுது.

நீங்கன்னா நிறுத்துவீங்க, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் வண்டி வாங்கினேன், பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி, ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் அவள் இடுப்பு நோகாமல் போக வேண்டும், அது ஒன்றுதான் என் எண்ணம், சீட் தைக்கும் காஜா பாய் அவளைத் தவிட்டு மூட்டைமேல் உட்காரச் சொன்னார், மதினி, கூச்சப்படாம உக்காருங்க, பள்ளம் பொய் சொல்லாது, அந்தப் பள்ளத்தைப் பார்த்து நுரைமெத்தை வெட்டினார், முதல் மெத்தை அமுங்கியது, இரண்டாவது முட்டியது, மூன்றாவதுக்கு ஒரு மாதம் ஆனது, பிறகு முதுகுக்குச் சாய்மானம், பிறகு முட்டி மடங்கி வலிக்கக் கூடாது என்று கால் வைக்கும் கம்பியை இரண்டு அங்குலம் இறக்கியது, பிறகு இரு பக்கமும் இரும்புப் பெட்டி, ஒரு பெட்டி அரைக் கிலோ கூடினாலும் வண்டி சாயுமே என்று அதைத் தராசில் வைத்து இறக்கி, மறுபடி வைத்து, வடிவு வாசலில் நின்று, ரெண்டு தலகாணியக் கட்டுங்க, கெளம்புவோம், என்கிறாள், இன்னும் ஒண்ணே ஒண்ணு வடிவு, என்கிறேன், மெக்கானிக் சூசை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, அண்ணாச்சி, இது வண்டியா தேரா, தேருன்னாலும் வருசத்துக்கு ஒருக்க ஓடிருமே, என்கிறான், எல்லாரும் சிரிக்கிறோம், வடிவும் சிரிக்கிறாள், அன்று சாயங்காலம்தான் என்று நினைக்கிறேன், சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், ரூவா எட்டணா ஆயிட்டு, என்றாள், எனக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது, புரிந்தும் நான் என்ன செய்தேன், எழுந்து போய் அவள் கண்ணில் காற்று படக் கூடாது என்று முன்பக்கத்துக்கு உயரமான கண்ணாடித் தடுப்பு ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன், அது வர ஏழு வாரம் ஆனது, ஒரு மனிதனால் தன் கையிலிருக்கிற வேலையைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாமல் போகிற காலம் உண்டு, எனக்கு அது பத்து மாதம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சூசை தன் ஊர்க் கோவில் கொடியேற்றத்துக்குப் போயிருந்தான், போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனான், அண்ணாச்சி, செயின்ல ரெண்டு விரல் தொய்வு இருக்கட்டும், மதினியையும் பெட்டியையும் ஏத்தி வச்சுட்டுப் பாருங்க, வெறும் வண்டியில பாக்காதீங்க, ஆனால் அந்தத் தொய்வு இருந்தால் வேகத்தைக் குறைத்துக் கூட்டும்போது ஒரு சின்னக் குலுக்கல் வருகிறது, அது சாய்மானம் வழியாக அவள் முதுகுக்குப் போகும், எனக்குப் பொறுக்கவில்லை, என் கை தீப்பெட்டி ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் மருந்து முக்கும் பகுதியில் வேலை பார்த்த கை, குச்சி அடுக்கிய கட்டையை இரு பக்கமும் திருகி முறுக்க வேண்டும், ஒரு குச்சி ஆடினால் இரண்டு தலை ஒட்டும், ஒட்டினால் தீ, ஆடுகிற எதைக் கண்டாலும் அது அசையாமல் நிற்கும்வரை முறுக்குவதுதான் பத்திரம் என்று அந்தக் கை படித்திருந்தது, வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டேன், வெறும் வண்டி, பெட்டி இல்லை, ஆள் இல்லை, பின்சக்கரத் திருகுகளை முறுக்கினேன், செயின் கம்பிபோல நின்றது, சக்கரத்தைச் சுற்றினால் சத்தமே இல்லை, கழுகுமலையான் திருநீறை டாங்கின்மேல் பூசி, அப்பனே, ஒரு குலுக்கல்கூட அவளுக்கு வேண்டாம், என்று கும்பிட்டேன், கண்ணில் நீர் வந்துவிட்டது, உள்ளே வடிவு பெட்டியில் என் மப்ளரை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், ஒரு நிமிஷம் வந்து உக்காரு என்று கூப்பிட்டிருக்கலாம், இருபது அடி தூரம்தான்.

கர்னூல் தாண்டிப் பத்து கிலோமீட்டர் போயிருப்போம், இரட்டைத் தட்டு விழுந்து நான் மெதுவாக்கிய நேரம், நல்லவேளை, காலுக்குக் கீழே பாறை உடைகிற சத்தம், பின்சக்கரம் இழுத்துப் பிடித்து விட்டது, நாங்கள் விழவில்லை, யார் பிடித்தார்களோ விழவில்லை, இறங்கிப் பார்த்தால் செயின் அறுந்து, முன்னால் சுருண்டு, எஞ்சின் கூட்டையே உடைத்துக்கொண்டு கிடக்கிறது, கறுப்பு எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தார் ரோட்டில், வெயில், வண்டிகள் பறக்கின்றன, நான் கைகூப்பி நிற்கிறேன், கை காட்ட வேண்டிய இடத்தில் எனக்குக் கைகூப்பத்தான் வந்தது, எத்தனையாவது லாரியோ, நாமக்கல் பதிவெண், நூறு அடி தாண்டி நின்று பின்னோக்கி வந்தது, லுங்கியை மடித்துக்கொண்டு இறங்கியவர் பெயர் செங்கோடன், முதலில் வண்டியைப் பார்க்கவில்லை, வடிவைப் பார்த்தார், அம்மாவ ஏனுங்க வெயில்ல நிறுத்தி வெச்சிருக்கீங்க, என்று தன் சீட்டிலிருந்த தலகாணியை எடுத்து வந்து வேப்பமரத்தடியில் போட்டு, உக்காருங்கம்மா, என்றார், பின்னால் அவர்கள் ஆள் ஒருவர் காலி வண்டியில் வருகிறாராம், அதில் ஏற்றி ஊருக்குள் விடலாம், அதுவரை ஒரு வாய் சோறு தின்னலாம் என்று ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு எங்கோ நடந்தார், எதற்கு அவ்வளவு தூரம் என்றேன், தீப்பெட்டி லோடுங்க, உங்கூரு சரக்கு, பக்கத்துல அடுப்பு வெச்சா நாலு மாவட்டத்துக்குத் தெரியும், என்றார், வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள், சோறு வேகும் நேரத்தில் அவர் அறுந்த செயினைக் கையில் எடுத்துப் பார்த்து, ஏனுங்க ஐயா, ஸ்டேண்டுல போட்டுத்தான முறுக்குனீங்க, என்றார், ஆமாம், அம்மாவ உக்கார வெச்சுப் பாக்கலீங்களா, இல்லை, அதானுங்க, ஆளு ஏறுனா பின்னாடி அமுங்கும், அமுங்குனா செயினு இழுக்கும், அதுக்கு எடம் உடோணுமில்லீங்க, அவிங்கள உக்கார வெக்காம அவிங்களுக்குன்னு எப்படிங்க அளவு பாத்தீங்க, அவர் குற்றமாகச் சொல்லவில்லை, சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரிதான் சொன்னார், எனக்குத்தான் தலை நிமிரவில்லை, போகும்போது தலகாணியைத் திருப்பிக் கொடுத்தேன், வெச்சுக்குங்க, எனக்கு எங்கிருந்தாலும் தூக்கம் வரும், என்று கியர் போட்டுப் போய்விட்டார்.

உடைந்த கூட்டுக்கு மாற்று ஐதராபாத்திலிருந்து வரப் பதினோரு நாள், லாட்ஜின் இரண்டாம் மாடி, ஜன்னலுக்கு எதிரே நாற்காலி, அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், ஒன்பதாம் நாள் காலை டீ டம்ளரை நீட்டுகிறேன், அவள் கை டம்ளருக்கு இந்தப் பக்கம் வருகிறது, பிறகு அந்தப் பக்கம் போகிறது, வெளிய பனியா இருக்கா, என்றாள், வெளியே கல் வெடிக்கிற வெயில், ஆமா வடிவு, நல்ல பனி, என்றேன், வேறு என்ன சொல்ல, அவள் டம்ளரைப் பிடித்து இரண்டு வாய் குடித்துவிட்டு, இந்த ஊர்ல இந்த மாசத்துல ஏதுங்க பனி, நான் பூகோள டீச்சர், என்றாள், அந்த எட்டணாவும் போய்விட்டது, சாமி படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன், கும்பிட வரவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தேன், வண்டி தயாரானதும், திரும்பிருவோமா, என்று கேட்டேன், வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது, என்றாள், வடக்க, அப்ப திருப்பாதீங்க, அப்படியே போங்க, இந்த முறை பெட்டியை ஏற்றி, காஜா பாய் தைத்த சீட்டின்மேல் செங்கோடனின் தலகாணியைக் கட்டி, அவளை உட்காரவைத்து, நான் ரோட்டில் மண்டியிட்டுச் செயினுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், என்னங்க பண்ணுதீங்க, கூசுது, என்று சிரித்தாள், செயினைத் தொட்டால் அவளுக்கு எப்படிக் கூசும், ஆனாலும் சிரித்தாள், எனக்காகத்தான்.

அதன்பிறகு தோளில் தட்டு இல்லை, ஐதராபாத், நாகபுரி, பெயர் தெரியாத காடு, தோள் காத்துக்கொண்டே இருக்கிறது, சில நேரம் காற்று சட்டையை அடித்தால் தட்டோ என்று வேகத்தைக் குறைத்துவிடுவேன், இல்லைங்க, நான் தட்டல, என்பாள், நான் பார்த்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன், மரம் வடிவு, என்ன மரம், தெரியல, இன்னொரு மரம், இப்படித்தான் அந்தக் காலத்துல பூகோளத்துல கோட்டை விட்டீங்க, கொஞ்ச நேரம் கழித்து அவளே, தேக்கா இருக்கும், இலை விழுற சத்தம் கனமா கேக்குது, என்பாள், தலகாணி எப்படி இருக்கு, பத்து மாசம் முந்தியே இதைத்தான சொன்னேன், என்பாள், அதில் கோபம் இருந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும், வண்டி ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருக்கிற முகம் தெரியாது, பக்கக் கண்ணாடியில் அவள் ஹெல்மெட்டில் நழுவுகிற வானம்தான் தெரிந்தது.

ஒரு காலை, நரசிங்கபூர் தாண்டி, பாலம் வந்தது, நான் நினைத்திருந்ததைவிட அகலம், கீழே பச்சையும் சாம்பலுமாகத் தண்ணீர், கரையில் யாரோ முழுகி எழுகிறார்கள், அவளிடம் எப்படிச் சொல்வது, தட்டு விழட்டும், அவளாகத் தட்டட்டும் என்று பாலத்தில் ஊர்கிறேன், விழவில்லை, பாலம் பாதி வந்துவிட்டது, முருகா, முடிந்துவிடப் போகிறது, நானே நிறுத்தினேன், தட்டில்லாமல் நான் நிறுத்தியது அது ஒன்றுதான், ஏங்க நிறுத்துனீங்க, என்றாள், பின்னால் லாரி ஒலி எழுப்புகிறது, பிறகு அதுவும் பொறுத்து, சுற்றிக்கொண்டு போகிறது, அந்த டிரைவரையும் கடவுள் நன்றாக வைக்கட்டும், வடிவு ஹெல்மெட்டைக் கழற்றினாள், மூச்சை இழுத்தாள், குளிர்ந்த காத்து கீழ இருந்து வருது, என்றாள், கொஞ்சம் பொறுத்து, வந்துட்டமா, ம், நம்ம மூஞ்சி எந்தப் பக்கம், வடக்க, தண்ணி எந்தப் பக்கம் போகுது, பாத்துச் சொல்லுங்க, பொய் சொல்லாதீங்க, நான் நன்றாகப் பார்த்தேன், பூச்சரம் ஒன்று மிதந்து போவதைப் பார்த்து, அது போன திசையைக் கடைசிவரை பார்த்து, இடது பக்கம் வடிவு, என்றேன், தோளில் தட்டு விழும் என்று நினைத்தேன், விழவில்லை, அதற்குப் பதில் முதுகில், வலது தோள்பட்டையில், ஒரு விரல் வந்து நின்றது, சாக்பீஸ் பிடிக்கிற விரல், அது மெல்ல இழுபட்டு, நடு முதுகில் நெளிந்து, இடது விலாவை நோக்கி இறங்கிக்கொண்டே போனது, நான் அழுதேன் என்று முதுகு சொல்லியிருக்க வேண்டும், என்ன கலரு, என்று எப்படியோ கேட்டுவிட்டேன், நீலந்தான், என்றாள், அசையாதீங்க, கோடு கோணிரும்.